நாற்பது விரிப்புகளும் ஒரு தலையாட்டலும்

1

இந்தக் கதை ஒரு பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. நான் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்காத வேதியியல் புத்தகம். நான் நின்றுவிட்ட வாரம்தான் வகுப்பில் ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும் என்ற பாடம் தொடங்கவிருந்தது. எழுப்பி நிற்கவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில் ஒருநாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து, சலவைக்கூடத்தில், இஸ்திரி போட்ட விரிப்புகளின் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாடத்தை வாசித்தேன். ஒரு மாதம் முன்னால் வாசித்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

(கதை என்று சொல்லிக்கொள்கிறேன். வசதியாக இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: அன்று வானம் மேகமூட்டமாக

அடித்துவிட்டேன். சலவைக்கூடத்திலிருந்து வானம் தெரியாது. நீராவிதான் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: ஒரு பெண் இருந்தாள், கொஞ்சம் கவனக்குறைவானவள்...

இவளுக்குச் சுருட்டை முடி, கணீரென்ற குரல் எல்லாம் கொடுத்தேன். என் சாயல் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். நான்கு பக்கம் நன்றாகத்தான் போனது. ஆனால் குரல் உள்ளவள் நெருக்கடியான இடத்தில் வாயைத் திறந்துவிடுகிறாள், கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் அவளை அனுப்பிவிட்டு நானே வந்து நிற்க வேண்டியதாயிற்று.

3

மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்பும் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் கூடம் இது. ஆறு இயந்திரங்கள். அதில் பெரியது பெரியம்மாவுடையது. அம்மாவின் அக்கா. பதினாறு வருடம் அதன் முன்னால் நின்றவள். "வாயில்லாப் பூச்சி சார், ஆனா கை சுத்தம்" என்று சொல்லி என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான்.

பெரியம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. குழாய்த் தண்ணீர் நின்று, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து போர் தண்ணீர் ஓடும் நாளில் வெள்ளைத் துணிக்கு பிளீச் ஊற்றக் கூடாது.

"ஏன் பெரியம்மா?"

"ஊத்தக் கூடாதுன்னா ஊத்தக் கூடாது. எனக்குச் சொல்லிக்குடுத்தவளுக்கே ஏன்னு தெரியாது. உனக்கு மட்டும் வெளக்கம் வேணுமோ, ஊமைக்கோட்டான்."*

* விளக்கம், பாடத்தை வைத்து நானே கூட்டிப் பார்த்தது: போர் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பிளீச் அந்த இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு துருவாகி வெளியே வந்து நேராகத் துணியில் போய் உட்காரும். கறை போகட்டும் என்று இன்னும் ஊற்றினால் இன்னும் பிடிக்கும். ஆணி துருப்பிடிப்பது, அடுப்பு எரிவது, வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது, நாம் மூச்சு விடுவது எல்லாமே இந்த வகைதானாம். மூச்சும் துருவும் பங்காளிகள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பள்ளியில் இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பேன்.

4

அன்று காலை குழாய் நின்றது. பெரியம்மா பெரிய இயந்திரத்தில் நாற்பது விரிப்புகளைப் போட்டுவிட்டு, பல்வலிக்கு மாத்திரை வாங்க எதிர்க்கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்குள் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. குழாய்த் தண்ணீர் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வாயைத் திறக்க வேண்டும். ஒரு விரிப்பில் காப்பிக் கறை தெரிந்தது. பெரியம்மா வருவதற்குள் நான்

(இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கியிருக்கிறேன். ஒருமுறை "பிளீச் ஊற்றப்பட்டது" என்றுகூட எழுதினேன், டப்பா தானாகவே சாய்ந்துகொண்டது போல.)

நான் ஒரு குவளை பிளீச் ஊற்றினேன். நல்ல பேர் வாங்கலாம் என்று.

பெரியம்மா வந்து கதவைத் திறந்தபோது நாற்பதும் ஆறிப்போன தேநீர் நிறத்தில் இருந்தன. சூப்பர்வைசர் வந்தார்.

"பிளீச் ஊத்துனது யாரு?"

என்னை அரை நொடிதான் பார்த்தார். பேசாதவள் தப்பு செய்யமாட்டாள் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

"இத்தன வருசமா நிக்கிறீங்க. போர் தண்ணின்னு உங்களுக்கே நான் சொல்லணுமா?"

"நான் ஊத்தலையே சார்," என்றாள் பெரியம்மா. பிறகு மூடி திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "ஊத்துன ஞாபகமே இல்ல." என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியாடி, நான் ஊத்துனத?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

(பயத்தில் தலை தன்னால் ஆடியது என்று மூன்றாவது வரைவில் இருந்தது. பொய். எந்தப் பக்கம் ஆட்டுகிறேன் என்று எனக்குத் தெரியும்.)

5

ஒன்று இழக்காமல் இன்னொன்று பெறாது, இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும் என்கிறது புத்தகம். பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் பெரிய இயந்திரத்தை எனக்குக் கொடுத்தார்கள்.

வேலை போனதைக்கூட எழுதிவிட முடிகிறது. பெரியம்மா இப்போது அடுப்புக் குமிழை மூன்று தடவை திருகிப் பார்க்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுக்கிறாள். "மாத்திரை போட்டாச்சு" என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நேற்று வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஆப்பிள் வெட்டிக் கொடுத்தபடியே அம்மாவிடம் பேசினாள்.

"எங்க மாமியாரப் பாத்தவ நான். முதல்ல சாவி, அப்புறம் பேரு, கடைசில பெத்த புள்ளயவே நீ யாருப்பான்னா."

"ஒருதடவ மறந்ததுக்கா இந்தப் பாடு? வெள்ளிக்கெழம டாக்டர்கிட்ட போலாங்க்கா."

"போயி? அவரும் ஆமான்னு சொல்லிட்டா?" கத்தியைத் துடைத்து வைத்தாள். "பாப்பா மட்டும் கண்ணால பாக்கலேன்னா நான் நம்பியே இருக்கமாட்டேன்."

என் தட்டில் ஆப்பிள் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. சூப்பர்வைசரிடம் சொல்கிறேன். அவர் பெரியம்மாவைத் திரும்பக் கூப்பிடுகிறார். (கூப்பிடமாட்டார். என்னையும் அனுப்புவார்.)

இன்னொன்று. பெரியம்மாவிடம் மட்டும் சொல்கிறேன். ஓங்கி ஓர் அறை விடுகிறாள். எழுதும்போதே கன்னத்துக்கு இதமாக இருந்தது. அடி வாங்குவது போல எழுதிக்கொள்வதும் ஓர் ஏமாற்று வேலைதான்.

மற்றொன்று. அவளுக்கு நிஜமாகவே மறதி வந்துவிடுகிறது. அந்த நாற்பது விரிப்புகளையும் மறக்கிறாள், என்னையும்

இது மிக எளிதாக, ஓர் அடித்தல் இல்லாமல் வந்தது. அதனால்தான் பக்கத்தைக் கிழித்தேன்.

7

பேச எனக்கு வராது. ஆனால் பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமைக்குள் இந்த நோட்டை அவள் கையில் கொடுத்தால் போதும். இல்லையென்றால் இதுவரை எழுதி ஒளித்த மற்ற நோட்டுகளோடு விரிப்பு அடுக்குக்குப் பின்னால் இதையும் செருக வேண்டும். அங்கே நீராவி அடிக்கும். நோட்டின் நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின்கள் பத்து நாள்கூடத் தாங்காது. துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கிவிடும். பழைய நோட்டுகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன.

இதன் பின்கள் இரண்டும் இப்போது பளபளவென்று இருக்கின்றன.

நீங்கள் யார், இது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. முடிவை நான் எழுதவில்லை. நடுப்பக்கத்தைப் பிரித்துப் பின்களைப் பாருங்கள்.