மிக்சரின் கடைசி ஊசி

மிக்சரின் முதுகில் தோலுக்கடியில் சலைன் இறங்கி, சின்னத் திமில் முளைத்தாற்போல உப்பிக்கொண்டு வருகிறது, கோமதி ஒரு கையால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் அந்த மேட்டைத் தடவுகிறாள், நாய் முனகுவதையும் விட்டுவிட்டது, சிறுநீரகம் இரண்டும் போயிற்று, இனி இழுத்தடிப்பது அதற்குத்தான் வேதனை, ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னதைக் காலையில் இசக்கிராஜுக்குப் போனில் சொல்லியிருந்தாள், பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் மிக்சர் பொட்டலத்துக்காகக் காலைச் சுற்றிய குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தவன் அவன்தானே, அப்போது அவர்கள் கணவன் மனைவி, முகம்கொடுத்துப் பேசாத நாட்களிலும் நாயிடம் பேசினார்கள், சோத்துல உப்பில்லன்னு ஒங்கம்மாட்ட சொல்லு என்பான், வேணும்னா எந்திரிச்சுப் போட்டுக்கிடச் சொல்லு என்பாள், நாய் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

இசக்கிராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நிற்கிறான், எம்மேல உள்ள ஆத்திரத்த நாய்கிட்ட தீர்க்கியா என்கிறான். விவாகரத்துக்குப் பிறகுதான் அவனை நீ என்று கூப்பிடப் பழகியிருந்தாள், பாட்டிலை அவன் கையில் திணித்து, கொண்டு போ, நீயே பொழைக்க வையி என்றாள். தூக்கிக்கொண்டு போனான், அவன் முழங்கைக்கு வெளியே நாயின் தலை தொங்கி ஆடியது, தலையைத் தாங்கிப் பிடி என்பது வாய்வரை வந்தது, சொல்லவில்லை, அதற்காகத் தன்னையும் சேர்த்து வெறுத்தாள்.

மறுநாள் மதியம் கூப்பிட்டான், வா என்றதோடு சரி. அவனது வாடகை வீட்டுக் குளியலறைத் தரையில், சட்டையெல்லாம் வாந்தியாக, வெட்டி வெட்டி இழுக்கும் நாயை மடியில் வைத்திருந்தான், நீயே டாக்டர்கிட்ட சொல்லிரு என்றான் தலை நிமிராமல். எப்போதும் இப்படித்தான், பிரிவோம் என்கிற சொல்லும் இவள் வாயிலிருந்தே வரட்டுமென்று காத்திருந்தான், வந்ததும், அவதான் வேண்டாம்னுட்டா என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லித் திரிந்தான், அந்த வீடுகளில் இவளுக்குக் காப்பி கொடுப்பதையும் நிறுத்தினார்கள். முடியாது, இத நீதான் சொல்லணும் என்றாள். நாய் மறுபடி இழுத்தது. அவள் போனை எடுக்கவில்லை, கடைசியில் அவனே எடுத்தான், ஊசியப் போட்டுருங்க சார் என்றான், குரல் அவனுடையதாகவே இல்லை.

டாக்டர் வந்தார், ஊசி ஏறும்போது நாயின் தலை அவள் உள்ளங்கையில் இருந்தது, மெல்லக் கனத்தது. அவன் அண்ணன் தோட்டத்தில் இருவருமாகக் குழி வெட்டினார்கள், போதுமா என்றான், இன்னும் ஆழமா வெட்டு, நரி கிளறிரும் என்றாள். மிக்சரைக் கிடத்த இறங்கியவளுக்கு மேலே நின்றபடி கை நீட்டினான், அழுதிருந்தான். அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு விளிம்பில் முழங்கையை ஊன்றித் தானாகவே ஏறி வந்து, மண்ணத் தள்ளு என்றாள்.