ஆளில்லாத பதினொன்று

“விலைன்னு ஒண்ணும் கிடையாதுங்க. சும்மாதான்,” என்றாள் நர்ஸ்.

தம்பி இத்தனை வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலையின் விலை அது. பெயிண்ட் கடைக்காரர் வாடகை நாற்காலிகளை அடுக்குவதை நிறுத்தினார். காலையில்தான் தம்பியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு வந்திருந்தார். அந்த அசதியில் நாற்காலி எண்ணிக்கை ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தது.

நர்ஸும் அவளோடு வந்த கணக்கு வாத்தியாரும் தம்பியிடம் வேலை பழகியவர்கள். வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரில்தான் கூடுவார்களாம். நேரில் வருவது இதுதான் முதல் தடவை. சாரோட குரல் மட்டும்தான் தெரியும் என்று வாத்தியார் வாசலிலேயே சொல்லியிருந்தார்.

“சும்மா செய்யற வேலையை எதுக்கும்மா பழகணும்?”

“யாரோ எங்கயோ ஒரு புரோகிராம் எழுதுவாங்க. அதைச் சரியா கட்டி, சோதிச்சு, எல்லார் மெஷின்லயும் தகராறு இல்லாம ஏறுற மாதிரி பண்ணணும். அதுதான் பேக்கேஜ். ஒவ்வொண்ணுக்கும் பொறுப்பா ஒரு ஆள் வேணும். நான் முதல்ல கட்டினதை சார் ஒன்பது தடவை திருப்பி அனுப்பினாரு.”

“பத்தாவது தடவை?”

“‘இப்ப பரவால்ல’ன்னாரு. அன்னைக்கு வார்டுல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்.”

தம்பி மனைவி உள்ளிருந்து வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். “மாமா, அவங்க ஏதோ காட்டணும்னு வந்திருக்காங்க.”

நர்ஸ் போனை நீட்டினாள். பதினொரு பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே ஆங்கில வார்த்தை.

“அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?”

வாத்தியார் போனை எட்டிப் பார்த்துச் சொன்னார். “அநாதைன்னு போட்டிருக்காங்க சார். பொறுப்பாளர் தவறிட்டா அப்படித்தான் போடுவாங்க. அடுத்த மாசத்துக்குள்ள யாரும் எடுக்கலேன்னா எல்லாத்தையும் தூக்கிடுவாங்க.”

கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். அப்பா போனபோது தம்பிக்கு ஆறு வயது. துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் ஒருவர் இதே கூடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னார். சரியாக மீசைகூட முளைக்காத வயதில், இவர் அந்த மனிதருக்கு வாசலைக் காட்டினார். பிறகு அந்த வார்த்தை இந்த வீட்டுப் படியேறியதில்லை.

“அழிங்க அதை.”

“நாமளா அழிக்க முடியாதுங்க. யாராவது எடுத்துக்கிட்டாத்தான் போகும்.”

“அப்ப எடுத்துக்கோங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை கடைக்காரருக்குப் பழகியதுதான். தூசி படிந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொள்ளும் வாடிக்கையாளரின் பார்வை. ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று வாய் திறப்பதற்குள் பிடித்தாக வேண்டும்.

“இதுல எது நல்லா போகும்?”

“இந்த எழுத்துரு சார். லட்சம் பேர் வச்சிருக்காங்க. வேலையும் கம்மி. அதை வேணா நான்...”

“அதுக்கு யார் வேணா வருவாங்க வாத்தியாரே. தனியா தர மாட்டேன். கீழ இருக்கற நாலையும் சேர்த்து எடுத்தா அது உங்களுக்கு.”

“மாமா, அது எதுவும் நம்மளோடது இல்ல. எல்லாம் பொது,” என்றாள் தம்பி மனைவி.

“நீ சும்மா இரும்மா. வியாபாரம் நடக்குது.”

இரண்டு நாளில் முதன்முறையாக அவள் உதடு சிரிப்பில் கோணியது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நாலு ஜாஸ்தி சார். பரீட்சைப் பேப்பர் வேற மலையா கிடக்கு.”

“அதுல ஒண்ணு கால்குலேட்டர்னு போட்டிருக்கே. கணக்கு வாத்தியார் கால்குலேட்டரை வேணாம்னா பசங்க சிரிக்க மாட்டாங்களா?”

அந்தப் பேச்சில் வாத்தியார் விழுந்துவிட்டார். நர்ஸ் இரண்டில் ஆரம்பித்தாள். டியூட்டி, முதுகுவலி எல்லாம் சொன்னாள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே அவளை ஐந்துக்குக் கொண்டுவந்தார்.

“எடுத்துக்கலாம்ங்க,” என்றாள் அவள். “தப்பா பண்ணினா திருப்பி அனுப்ப யார் இருக்கா?”

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க கட்டினதை நான் திருப்பி அனுப்பறேன். நான் கட்டினதை நீங்க அனுப்புங்க.”

“ஒன்பது தடவையா?”

“சார் கணக்குப்படி.”

கடைசிப் பெயரில் கடைக்காரரின் விரல் நின்றது. “இது என்ன?”

“பழைய பில் பிரின்டர் ஒண்ணுக்கானதுங்க. செஞ்ச கம்பெனியே கைவிட்டாச்சு. சிஸ்டம் மாறும்போதெல்லாம் உட்கார்ந்து சரி பண்ணணும். பெரிய தலைவலி. எத்தனை மெஷின்ல இருக்குன்னு ஒரு கணக்கு வரும், அதுல ரெண்டே ரெண்டுதான் காட்டுது. ஒண்ணு சாரோட லாப்டாப்.”

“இன்னொண்ணு?”

“யாரோ கஞ்சப்பிசினாரி சார்,” என்றார் வாத்தியார். “புது பிரின்டர் வாங்க மனசு வரல போல.”

தம்பி மனைவி தரையைப் பார்த்தாள். கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அது இருக்கட்டும். அதை யார் தலையிலயும் கட்ட வேணாம்.”

அவர்களைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர் வீடு திரும்பாமல் கடைக்குப் போனார். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து நுழைந்து, கம்ப்யூட்டரைப் போட்டார். சில மாதங்களுக்கு ஒருமுறை தம்பி வந்து இந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவான். “ஓடுற மெஷினை ஏன்டா நோண்டற? போய் உருப்படியா எதாவது பண்ணு,” என்பார் இவர். “சரிண்ணே,” என்பான், எழுந்திருக்க மாட்டான். பிரின்டர் விற்க வருகிறவர்களிடமெல்லாம் இவர் பெருமையடித்துக்கொள்வார்: “பத்து வருஷமா யாரும் கைவைக்கல. தானா ஓடுது.”

சரக்கு எதையும் போடாமல் பில் பட்டனைத் தட்டினார். பிரின்டர் கரகரத்து ஒரு சீட்டைத் தள்ளியது.

மொத்தம்: 0.00. நன்றி, மீண்டும் வருக.

கிழித்துக் கையில் வைத்துக்கொண்டார். காகிதத்தில் இன்னும் சூடு இருந்தது. பதினொன்றில் பத்து கைமாறிவிட்டது. நிலுவை ஒன்று.