தங்கையனின் இடுப்பு வலி

கொட்டாரத்தில் குழாயும் தண்ணீர் மோட்டாரும் விற்கிற கடைக்காரர் தங்கையனுக்கு ஐம்பத்துநான்கு வயதுவரை உடம்பைப் பற்றி ஒளிக்க ஒன்றும் இருந்ததில்லை. பல் வலித்தால் கடைத்தெரு முழுக்கத் தெரியும். சளி பிடித்தால் சபையே ஜெபிக்கும். இந்த முறை வந்தது மட்டும் சபையில் சொல்லி ஜெபிக்கக்கூடிய இடத்தில் வரவில்லை.

முதலில் அரிப்பு. பிறகு ஆண்குறியின் நுனி சிவந்து, முன்தோல் தடித்து, மூத்திரம் போகும்போது மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. அழுக்குதான் காரணம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். காலையும் மாலையும் மருந்து சோப்பு போட்டுத் தேய்த்தார். எரிச்சல் கூடியது. அப்படியானால் சுத்தம் போதவில்லை என்று, புண் கழுவுகிற கிருமிநாசினியை எடுத்து ஊற்றினார்.

குளியலறையிலிருந்து எழுந்த அலறலில் மனைவி நேசபாய் ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

“கேட்டியளா, என்னவாக்கும் சத்தம்?”

“ஒண்ணுமில்ல. பாட்டு படிச்சேன்.”

“இது எந்தப் பாட்டு? நம்ம பாட்டுப் புஸ்தகத்துல இல்லியே!”

மறுநாள் முதல் பேன்ட் போய் வேட்டி வந்தது. கால்களை அகட்டி அகட்டி நடந்தார். கடைக்குப் புறப்பட்டவரை நேசபாய் வாசலில் மறித்தாள்.

“தாரா வாத்து மாதிரி ஆடி ஆடி நடக்கியளே, என்ன காரியம்?”

“இடுப்பு வலி.”

வாயில் வந்த முதல் பொய் அது. அதற்குண்டான பலன் மத்தியானமே கிடைத்தது. சாப்பிட வந்தபோது, வர்ம வைத்தியர் ஏசுஅடிமை ஆசான் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தார்.

இல்லாத வலிக்கு இருக்கிற வலியோடு குப்புறப் படுக்க வேண்டியதாயிற்று. ஆசானின் கட்டைவிரல் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடியில் பாய் உரசி உயிர் போனது. தங்கையன் பல்லைக் கடித்தார்.

“இடுப்புல ஒரு பிடியும் இல்லியே ஓய்!” ஆசானுக்கு ஆச்சரியம். “நல்ல எளந்தாரிக்க இடுப்பாக்கும் இது. மல்லாந்து படும், தொடையைப் பாத்திரலாம்.”

தங்கையன் வேட்டியை இறுகப் பிடித்தபடி துள்ளி எழுந்தார். வலி அடியோடு போய்விட்டது என்று சொல்லி ஆசானை அனுப்பி வைத்தார். நேசபாய் நம்பவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவரால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

“காட்டுங்க, பாப்போம்.”

“சீ, போட்டீ!”

“கெட்டி முப்பது வருசமாச்சு. வெக்கம் இப்பத்தான் வருகோ?”

பார்த்ததும் அவளுடைய சிரிப்பு போய்விட்டது. அன்று மாலையே நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். பெயர்ப்பலகையைப் படித்ததும் தங்கையன் திரும்பி நடக்கப் பார்த்தார். டாக்டர் ஜின்சி, அவர்கள் சபையில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பெண். நேசபாய் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

திரைக்குப் பின்னால் ஜின்சி பரிசோதித்து முடிக்கும்வரை, தங்கையன் மேலே சுற்றுகிற ஃபேனை மட்டும் பார்த்தார். தான் விற்கிற மோட்டாரைக்கூட அவ்வளவு கவனமாக அவர் பார்த்ததில்லை.

“பயப்படாதீங்க அங்கிள். பூஞ்சை வந்து தோல் அழன்றிருக்கு. நெறைய பேருக்கு வரும். என்ன போட்டுக் கழுவுனீங்க?”

அவர் சொன்னார். டாக்டர் முகத்தைச் சுளித்தாள்.

“தரை கழுவுறதுன்னு நெனச்சீங்களா? சோப்பும் வேண்டாம், மருந்துத் தண்ணியும் வேண்டாம். வெறும் தண்ணியில, தோலை மெதுவாப் பின்னால தள்ளிக் கழுவி, ஈரம் போக ஒத்தித் தொடச்சிட்டு இந்தக் களிம்பைப் பூசுங்க. பலமா இழுக்கக் கூடாது. கழுவினதும் தோலை மறுபடி முன்னால கொண்டுவந்திரணும். அது வரலன்னாலோ, மூத்திரம் போகலன்னாலோ ஒடனே வாங்க.”

பிறகு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

“மூத்திரத்துல சர்க்கரை போனா பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. களிம்பு மட்டும் போட்டா திரும்பவும் வரும். சர்க்கரையையும் பாக்கணும்.”

எதையோ மறைத்து வைத்த இடத்தில் அதைவிடப் பெரியது ஒன்று அகப்பட்டது போலிருந்தது தங்கையனுக்கு. நேசபாய் அவர் கையைத் தொட்டாள். அப்போது ஜின்சி அவள் பக்கம் திரும்பினாள்.

“ஆன்ட்டி, உங்களுக்கு அரிப்பு ஏதாவது உண்டா?”

அவ்வளவு நேரமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

“கொஞ்சம்… உண்டும்.”

“எப்போ இருந்து?”

“ஓணத்துக்கு முன்ன இருந்தே.”

“அப்போ உனக்குத்தானா மொதல்ல!” தங்கையன் நாற்காலியில் நிமிர்ந்தார். “உனக்கும் இடுப்பு வலியோ?”

“யாருகிட்ட இருந்து யாருக்குன்னு வழக்கு வேண்டாம்,” என்றாள் ஜின்சி. “ஆன்ட்டிக்கும் மருந்து தாறேன், சர்க்கரையும் பாப்போம். ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி இருங்க.”

இப்போது தங்கையன் ஃபேனைப் பார்க்க, நேசபாய் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள்.

நாலைந்து நாளில் எரிச்சல் தணிந்தது. சிவப்பும் மெல்ல மறைந்தது. சர்க்கரைதான் அத்தனை சுலபமாக இறங்கவில்லை. மாத்திரையும், பாலும் இனிப்பும் இல்லாத கட்டன் சாயாவும், வயல் ஓரமாகக் காலை நடையும் வேண்டியிருந்தன. நேசபாயும் கூடவே நடந்தாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை என்பதை வழியெல்லாம் நினைவூட்டிக்கொண்டே வந்தாள்.

ஒருநாள் பக்கத்துப் பலசரக்குக் கடை ஜேசுதாஸ் கடைக்குள் வந்து, ஒரு குழாய் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு… கீழே ஒரு அரிப்பாம். டாக்டர்ட்ட போக வெக்கப்படுகான்.”

தங்கையனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

“சோப்பு போட வேண்டாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லும். நாளைக்குக் காலையில சாப்பிடாம வரச் சொல்லும், சர்க்கரை பாக்கணும். நானும் கூட வாறேன்.”

“நீரு எதுக்கு?”

“அந்த ஆளு பாதி வழியில பஸ்ஸவிட்டு எறங்கிருவாரு ஓய்,” என்றார் தங்கையன்.