பியானோவை மூடிய பிறகு

சங்கரபாண்டியின் பியானோவை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சாக்ஸபோன் ஆசிப் சொன்னபோது முத்துகுமரன் மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்டூடியோக்காரனுக்கு அடுத்தவர் சண்டையில் என்ன வேலை?

சண்டையில் நியாயம் ஆசிப் பக்கம்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வாசித்தவன் சங்கரபாண்டி. தென்காசியில் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்த பிறகு, கொச்சியில் பெரிய குழு கூப்பிட்டதென்று வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டான். தென்காசியில் ஜாஸ் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சொற்பப் பேர் முன்னாலும் மானம் போயிற்று. செங்கோட்டையில் பியானோ வாசிக்கும் கைலாசத்தை வாசிக்கவைத்துச் சேர்த்துவிடலாம், ஆல்பத்தின் அட்டையில் பாண்டியின் பெயரே இருக்கக் கூடாது என்பது ஆசிப்பின் முடிவு.

ஆனால் ஒலிப்பதிவின்போது பிடிவாதம் பிடித்தவனும் அவன்தான். முத்துகுமரனின் ஸ்டூடியோ குற்றாலத்தில் ஒரு பழைய பங்களா. ஆளுக்கொரு கண்ணாடி அறை இருந்தும் ஆசிப் வேண்டாமென்றான். முகம் பார்க்காமல் வாசித்தால் அது ஜாஸே இல்லை என்று சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் நான்கையும் ஒரே கூடத்தில் போட்டான். ஒருவர் மைக்கில் மற்றவர் சத்தமும் விழும் என்று முத்துகுமரன் சொன்னது காதில் ஏறவில்லை.

இப்போது பதிவை ஓடவிட்டு, பியானோ மைக்கில் பதிவானதை மட்டும் முத்துகுமரன் மூடினான். அப்படியும் பியானோ கேட்டது. மற்றதையெல்லாம் மூடிவிட்டு ஆசிப்பின் மைக்கை மட்டும் விட்டுவைத்தான். சாக்ஸபோனுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனைபோல, பாண்டி இருந்தான்.

"பாய், அவர எடுக்கணும்னா ஒங்களையும் சேத்துத்தான் எடுக்கணும்," என்றான் முத்துகுமரன்.

ஆசிப் ஓடட்டும் என்று கைகாட்டினான். தனியாக வாசிக்கும்போது அவன் வழிதவறி நின்றுபோன இடம் வந்தது. அன்று தானாகவே சமாளித்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அங்கே பியானோ ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டு காத்திருந்தது. கூடவே, அன்றைய பதற்றத்தில் அவன் காதில் விழாத ஒரு தணிந்த குரல்.

"மெதுவா வாலே. நான் இங்கனதான் இருக்கேன்."

ஆசிப் அந்த இடத்தை இன்னொரு முறை ஓடவிடச் சொன்னான். கோபம் போகவில்லை. இங்கனதான் இருக்கேன் என்றவன் இப்போது கொச்சியில் அல்லவா இருக்கிறான்.

முத்துகுமரன் பியானோ மைக்கைத் திறந்துவிட்டான். அந்தப் பேச்சுக்குரலையாவது முடிந்தமட்டும் துடைத்துவிடட்டுமா என்று கேட்டான்.

"அது கெடக்கட்டும்," என்றான் ஆசிப். "அட்டையில அவன் பேரப் போட்டுரு."