கடல் வலப்பக்கம் வந்த நாள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மாத இதழின் ஆசிரியர் போன் செய்தார். கையைக் கடிக்காத செலவில் கடலோரமாகக் காரில் போய்வருவது பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். "படிக்கிறவன் உடனே பையைத் தூக்கிட்டுக் கிளம்பணும் சார். சோகமெல்லாம் வேண்டாம்" என்றார்.

நான் அப்படிப் போனதே இல்லை. போனது என் அக்காவும் அவள் கணவரும். பத்து நாள் என்று கிளம்பி ஏழாம் நாள் விடிகாலையில் திரும்பிவிட்டார்கள். கட்டுரைக்கு முதல் நாலு நாள் போதும், மிச்சத்தைத் தொட வேண்டாம் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கடற்காற்றின் உப்பு வாசம் கார் சன்னலில்..."

(அடித்துவிட்டேன். அக்கா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவளும் அவள்தான். "கடல்னா உப்பு வாசம்தான்டா வரும், வேற என்ன வரும்?" என்பாள்.)

இரண்டாம் தொடக்கம்: மாமா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். காரின் பின் சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு மெத்தையையும் தன் கருவிப் பெட்டியையும் வைத்தார். இரண்டாம் நாள் வழியில் ஒரு குளிர்பானக் கடையில் குளிர்பெட்டி ஓடவில்லை. மாமா மண்டியிட்டு உட்கார்ந்து அரை மணியில் அதை உறும வைத்தார். கடைக்காரர் மகிழ்ந்துபோய் மாடி அறையைச் சும்மா கொடுத்தார். மின்விசிறிக்கு ஒரே வேகம்தான், குழாயில் வந்த தண்ணீர் கரித்தது, சன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர். அக்கா அந்த அறையில் சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்ததில்லை என்று மாமா சொன்னார்.*

* எப்போது சொன்னார் என்று கேட்காதீர்கள். அது ஐந்தாம் பகுதியில் வருகிறது.

மூன்றாம் நாள் டயர் வெடித்தது. அன்று சாயங்காலம் அக்காவின் போன் அலையில் விழுந்து செத்தது. இதையும் ஒரு வரி வேடிக்கையாக எழுதியிருந்தேன். இப்போது அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை.

3

அவர்களுடைய சட்டத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முன்பு ஒரு பயணத்தில் சாலை பிரிகிற இடத்திலெல்லாம் சண்டை பிடித்து, பேச்சுவார்த்தை இல்லாமல் வீடு திரும்பியவர்கள். அதனால் இந்த முறை அக்கா ஓர் ஏற்பாடு செய்தாள். ஒற்றை நாள் அவருடையது, இரட்டை நாள் அவளுடையது. அந்த நாளுக்குச் சொந்தக்காரர் சொன்ன இடத்துக்கு வண்டி போகும். மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது, இவரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

நாலு நாள் அருமையாக ஓடியது. கல்யாணமான நாளிலேயே இப்படிச் செய்திருக்கலாம் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்களாம்.

4

ஐந்தாம் நாள். பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒரு போன் வந்தது. மாமா கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அக்கா மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. நாலு நாளாக இடப்பக்கம் வந்த கடல் அன்று வலப்பக்கம் வந்தது.

"என்னங்க, திரும்பிட்டோமா?"

"இன்னிக்கு என் நாள்."

"நாளைக்குக் கலங்கரை விளக்கம் ஏறணும்னு சொன்னேன்ல?"

அவர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். அவள் சட்டப்படி ஏன் என்று கேட்கவில்லை. ஆத்திரத்தோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எஞ்சின் சூடேறி மூன்று முறை நின்றது. இருட்டியபோது வீடு இன்னும் பாதித் தூரத்தில் இருந்தது.

ஆறாம் நாள் அவளுடையது. விடிந்ததும் சொன்னாள்: "வண்டியத் திருப்புங்க."

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு திருப்பினார்.

(மாமாவை என்னால் இந்த இடத்தில் நம்ப முடியவில்லை. எந்த மனிதன் திருப்புவான்? வாசகரே, நீங்களும் கேட்பீர்கள். நானும் இந்த வரியில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். அவரைக் கோழை என்று எழுதிப் பார்த்தேன், கல்நெஞ்சர் என்று எழுதிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. வாக்குத் தவறாத மனிதர் என்று எழுதினால் பொருந்துகிறது. ஆனால் அப்படி எழுதினால், யாருக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லியாக வேண்டும்.)

அன்று பிற்பகல் அக்கா கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்றாள். அந்த நேரத்தில் எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

5

அந்த போனைச் செய்தவன் நான்.

"மாமா, அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்னு டாக்டர் சொல்றார். அவசரம் ஒண்ணும் இல்ல. அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க, பாவம், என்னிக்கோ ஒரு நாள் வெளிய போயிருக்கா. சத்தியமா சொல்லக் கூடாது, சரியா?"

"நான் வண்டிய மட்டும் திருப்பிடறேன்" என்றார் மாமா. அடுத்த நாள் காலையில் கூப்பிட்டு, அவள் மறுபடி கலங்கரை விளக்கத்துக்கே போகச் சொல்கிறாள், என்ன செய்வது என்று கேட்டார். "போய்ட்டு வாங்க மாமா, அப்பா நல்லாத்தான் இருக்கார்" என்றேன். டாக்டரின் முகம் அப்போதே மாறியிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அக்காவின் சந்தோஷத்துக்காக என்று ஒரு பத்தி எழுதி, அதைக் கிழித்தேன். அப்பாவுக்கு எது வந்தாலும் பக்கத்தில் இருப்பவள் அவள்தான். ஒரே ஒரு முறை அந்தக் கட்டிலோர நாற்காலியில் நான் உட்கார ஆசைப்பட்டேன். "அவ எங்கடா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "வந்துக்கிட்டே இருக்காப்பா" என்றேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு அக்கா மாமாவிடம் கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாளே."

"தெரிஞ்சுமா ஓட்டினீங்க?"

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டா எனக்குச் சொல்லல?" என்றாள். "போன் பண்ணேன்க்கா. உன் போன் கிடைக்கல. மாமாவுக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து யாராவது சொல்லியிருப்பாங்க." மாமா ஒரு நாற்காலியை எடுத்து என் அடுக்கின்மேல் வைத்தார். அந்த மாடி அறைச் சிரிப்பைப் பற்றி அன்று வாசலில் நின்றுதான் சொன்னார், நான் கேட்காமலே. அடுத்த நாள் அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

6

சாத்தியமான முடிவுகள்:

அக்கா மாமாவை மன்னித்து வீடு திரும்புகிறாள். (அவர் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. அதைவிடக் கேவலம் கிடையாது.)

மாமா ஒரு நாள் பொறுமையிழந்து உண்மையைப் போட்டு உடைக்கிறார். (மாட்டார். ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் வந்து, நன்றாக ஓடுகிற என் ஃப்ரிட்ஜை மண்டியிட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். அக்கா அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.)

தம்பி சொல்லிவிடுகிறான். அதன் பிறகு

7

முதல் நாலு பகுதிகளை மட்டும், அடிக்குறிப்பையும் அந்தக் கடைசி அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் எடுத்துவிட்டு, அக்காவிடம் திருத்தக் கொடுத்தேன். கடைசிவரை படித்தாள். அழவில்லை. இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுழித்திருந்தாள். "ஒரு போன் வந்தது" என்ற இடத்தில் மட்டும், ஏதோ விடுபட்டிருக்கிறது என்று காட்ட அச்சகத்தில் போடுகிற கூரைக் குறியைச் சிவப்பில் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தாள்: யாரிடமிருந்து?

இன்று ஞாயிறு. சமையலறையில் மாமா மண்டியிட்டிருக்கிறார். அறைக்கதவு சாத்தியிருக்கிறது. தாள் என் முன்னால் இருக்கிறது, அவளுடைய சிவப்புப் பேனாவும். அந்தக் கூரைக்குமேல் ஒரே ஒரு சொல்லை எழுதிக் கதவுக்கடியில் தள்ளிவிட்டால் முடிந்தது. எழுதுவதுதான் என் தொழில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

என்னால் முடியவில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்ட வாசகரே, அந்தச் சொல்லை நீங்கள் எழுதிவிடுங்கள். கதவையும் நீங்களே தட்டுங்கள். அக்காகிட்ட இப்ப சொல்ல வேண்டாம் என்று தோன்றினால், அதுவும் உங்கள் இஷ்டம்.

அவசரம் ஒண்ணும் இல்ல.