கண்ணாடியில் நின்ற தண்ணீர்

“எஞ்சினுக்குத் தாகம் எடுத்திருச்சுன்னு யாருண்ணே வந்து சொன்னா…”

“இராமலட்சுமி, இது நாங்க வரவழைச்ச தண்ணி லாரி, ஊர் லாரி இல்ல, இது பாய்லருக்கு…”

“ஊர் லாரி வந்தா நான் ஏன் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கேன்?”

“…பாய்லருக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். கெணத்து உப்புத் தண்ணி ஆகாது.”

“எங்க கொடலுக்கு மட்டும் ஆகுமாக்கும்.”

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களுடைய தள்ளுவண்டிகளில் காலிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டிய அந்த ஷெட்டுக்குள், முன்பு உப்பு வேகன்களை இழுத்த சின்ன நீராவி எஞ்சின் நின்றது. ரயிலில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுச்சாமியும் இன்னும் சிலரும், சம்பளம் என்று எதுவும் இல்லாமல், துரு சுரண்டி எண்ணெய் பூசி அந்த இடத்தை அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு இடத்துக்காரர் வருகிறார். “ஓடுனா கெடக்கட்டும். ஓடலேன்னா அது இரும்புதானய்யா, எடைக்குப் போட்டுருவேன்” என்று சொல்லியிருந்தார்.

அவளோடு வாதாடிக்கொண்டிருந்த பொன்னுச்சாமி குடங்களைப் பார்த்தார்.

“ஏலே காளிராசு, ஓஸ் பைப்ப அவுக பக்கம் திருப்பு.”

“அப்ப பாய்லருக்கு?”

“பாதி ஏறிருச்சுல்ல. மிச்சத்துக்குக் கெணத்து மோட்டாரப் போடு. ஒரு நாளைக்கு ஒண்ணும் செய்யாது.”

“மாப்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே.”

“நான் சொல்லிக்கிறேன்.”

உப்புத் தண்ணீர் கொதித்தால் நுரைக்கும். நுரை ஏறினால், உள்ளே தண்ணீர் குறைந்த பிறகும் நிறைய இருப்பதுபோலவே பாய்லரின் நீர்மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் காட்டும். அது பொன்னுச்சாமிக்குத் தெரியும். சொன்னால் நாகேந்திரன் அடுப்பையே பற்றவைக்க மாட்டான் என்பதும் தெரியும். கமுதியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் கடை வைத்திருந்த மருமகன் அவன். ஞாயிறு தவறாமல் இங்கே வந்து எஞ்சின் அடுப்பைப் பார்த்துக்கொள்வான். அன்று அவன் வந்ததும், “வாங்க மாப்ள, வெறகு காஞ்சு கெடக்கு” என்று மட்டும் பொன்னுச்சாமி சொன்னார்.

எஞ்சின் ஓடியது. தண்டவாளத்தின் கடைசி வரை போய், கூவித் திரும்பியது. இடத்துக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். அவருக்குச் சக்கரங்களைக் காட்டப் பொன்னுச்சாமி கீழே இறங்கினார். மேலே நாகேந்திரன் கருவேல விறகை எடுத்து அடுப்புக் கதவைத் திறந்தான். பாய்லரில் தண்ணீர் வற்றிவிட்டிருந்தது. அடுப்பின் கூரையில் இருந்த ஈய அடைப்பு, மேலே தண்ணீர் இல்லாமல் சூடேறி, உருகிப் பிய்த்துக்கொண்டது. நீராவியும் நெருப்பும் சேர்ந்து கதவு வழியே வெளியே வந்தன.

மதுரை ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டுக்கு வெளியே, அன்று ஓஸைத் திருப்பிய காளிராஜ் பொன்னுச்சாமியிடம் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“போலீசு வந்தாக. கண்ணாடியப் பாக்காம வெறகப் போட்டுட்டாருன்னு எழுதிக்கிட்டாக.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல. எடத்துக்காரர் சொன்ன சொல்லுலதான் நிக்காரு, எஞ்சின் இருக்கட்டும்ங்காரு. தண்ணி விசயம் வெளிய வந்தா ஷெட்டப் பூட்டிருவாக, நம்ம ரெண்டு பேரையும் சேத்து.”

“மாப்ள பேரு கெடுமேடா.”

“கவனக்கொறவுன்னு போகும். தூக்குலயா போடப்போறாக? யோசிச்சுக்கங்க.”

வார்டிலிருந்து வந்த பொன்னுச்சாமியின் மகள் பானுப்பிரியாவைக் கண்டதும் அவன் நகர்ந்துவிட்டான்.

“அய்யா, அவரு பாக்காமப் போட்டாருன்னு எல்லாரும் பேசுறாக. பால் அடுப்புல இருந்தா அந்த எடத்த விட்டு நகராத மனுசன்யா அவரு. நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“கை எப்பிடித்தா இருக்கு?”

“வெரல் மடங்குமான்னு இப்பச் சொல்ல முடியாதாம். கடையத் தொறந்தாலும் கம்பி சுத்த யாரு இருக்கா?”

அப்போதுதான் இராமலட்சுமி தூக்குவாளியோடு படியேறி வந்தாள். பொன்னுச்சாமியைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“கஞ்சிண்ணே. அன்னைக்கு நீங்க விட்ட தண்ணி இன்னும் ஒரு கொடம் மிச்சம் கெடந்துச்சு. அதுல வச்சேன். ஒங்க நல்ல மனசுக்கு மாப்ளைக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே.”

பொன்னுச்சாமி தூக்குவாளியைக் கையில் வாங்கவில்லை. பானுப்பிரியாதான் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அவரும் பின்னால் போனார்.

நாகேந்திரனின் முகத்தில் வாயும் ஒரு கண்ணும் மட்டும் கட்டுக்கு வெளியே இருந்தன. கைகள் இரண்டும் வெள்ளைப் பொதிகளாகத் தலையணைமேல் கிடந்தன. பானுப்பிரியா ஒரு கரண்டி கஞ்சியைப் புகட்டினாள். விழுங்க வெகுநேரம் ஆனது. அடுத்த கரண்டிக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. கட்டில் காலடியில் நின்றவரைத் தேடி அந்த ஒற்றைக் கண் திரும்பியது.

“மாமா, கண்ணாடியில தண்ணி பாதிக்கு மேல நின்னுச்சு. ஒருவாட்டிக்கு ரெண்டுவாட்டி பாத்துட்டுத்தான் கதவத் தொறந்தேன். நீங்க டிரைவரா இருந்தவுக, சொல்லுங்க மாமா, நான் எதுல தப்பு விட்டேன்?”