ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு கரடி

டிரைவருக்கு மலையும் பிடிக்காது, மலையைப் பார்க்கப் போகிறவர்களையும் பிடிக்காது. வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தபடியே நகரப் பேருந்து ஓட்டியவர். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க மேட்டில் ஏறுவதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம். ஆனாலும் சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையோடு மலைக்குக் கிளம்பிவிட்டார். கேட்டது மகள்.

"ரெண்டு பேரும் ரெண்டு நாள் ஒண்ணா இருந்துட்டு வாங்கப்பா. டிப்போவுல பாத்தா முறைக்கிறீங்க, வீட்டுல பாத்தா பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிறீங்க. எனக்கு நடுவுல உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு."

மாப்பிள்ளை அதே டிப்போவில் அதிகாரி. எந்த வண்டியை யார் எடுப்பது என்று டூட்டி போடுகிறவர். மாப்பிள்ளை டூட்டி போட மாமனார் வண்டி எடுக்கிறார் என்றால் கேட்கவா வேண்டும், கேன்டீனில் அதை வைத்தே பாதிப் பேர் பொழுது போக்கினார்கள். மாப்பிள்ளைக்கு மாமனார் என்றால் பயம். மாமனாருக்கு மாப்பிள்ளை என்றால் இளக்காரம். கார்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாத ஆள் தனக்கு வண்டி ஒதுக்குகிறானே என்று.

ஆனால் விஷயம் அதுவல்ல. விஷயம் சர்க்கரை.

டிரைவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதும், மாத்திரை சாப்பிடுவதும் எல்லோருக்கும் தெரியும். அந்த மாத்திரைக்கு உடம்பு மசியாமல் டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றிவிட்டது ஒருவருக்கும் தெரியாது. மகளுக்குக்கூட. ஊசி போடுகிறவர் பேருந்தைத் தொடக்கூடாது என்பது டிப்போவின் சட்டம். ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள். போயும் போயும் இவர் அங்கே உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ணுவதா? அதற்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்! சர்க்கரை இறங்கினால் உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும், வண்டியை ஓரங்கட்டி மிட்டாயை வாயில் போட்டால் தீர்ந்தது என்று தனக்குத் தானே நூறு தடவை சொல்லிக்கொண்டு, அதை நம்பியும் விட்டார் மனுஷர். சட்டைப் பையில் மிட்டாய் இல்லாமல் அவர் வாசல்படி தாண்டியதில்லை.

அந்த மிட்டாய்தான் சனிக்கிழமை சாயங்காலம் கைவிட்டுப் போனது. கூடாரம் அடித்து முடித்ததும் மாப்பிள்ளை பெரிய பை ஒன்றை விரித்துக்கொண்டு வந்து நின்றார்.

"திங்கிற பொருள் எல்லாம் இதுல போடுங்க மாமா. சோப்பு, பேஸ்ட்டுகூட. கரடி நடமாடுற இடம். வாசனை பிடிச்சிட்டு கூடாரத்துக்கே வந்துடும். தூர மரத்துல கட்டித் தொங்கவிடணும்."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"பாக்கெட்ல என்ன மாமா? மிட்டாயா? சர்க்கரைய வச்சிக்கிட்டு மிட்டாயா? உங்க பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?" மாப்பிள்ளை சிரித்தார். மாமனாரிடம் கையும் களவுமாக ஒன்றைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

எதற்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். டிரைவர் மிட்டாயை அள்ளிப் பையில் போட்டார். சரிவுக்குக் கீழே தனியாக நின்ற மரத்தின் கிளையில் பை ஏறியது.

மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளை அடுப்பை எடுத்து வைத்து, "இதோ பையை இறக்கிட்டு வந்துடுறேன், சாப்பிடலாம்" என்றார். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். டிரைவர் கூடாரத்துக்குள் போய், பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை வயிற்றில் குத்தி, திருப்பிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் போல் வெளியே வந்தார்.

மாப்பிள்ளை போகவில்லை. கூடாரத்துக்கு முன்னாலிருந்த பாறையின் மேல் குப்புறப் படுத்திருந்தார். கண்ணில் தொலைநோக்கி.

"மாமா, சத்தம் போடாதீங்க. மெதுவா வாங்க."

பை தொங்கிய மரத்தடியில் கரடி நின்றது. நல்ல கறுப்பு. மேலே கிளையில் அதன் குட்டி, பையை எட்டிப் பிடிக்கக் காலை நீட்டுவதும் வழுக்குவதுமாக இருந்தது.

"இத்தனை வருஷமா மலை மலையா சுத்தியும் கரடி சாணியத்தான் போட்டோ எடுத்திருக்கேன். உங்க அதிர்ஷ்டம் மாமா!" மாப்பிள்ளையின் குரல் தழுதழுத்தது.

டிரைவர் பையை மட்டும்தான் பார்த்தார். "அத விரட்ட முடியாதா?"

"ஐயையோ! குட்டி மரத்து மேல இருக்கு. இப்பக் கிட்டப் போனா தாய் கிழிச்சுப் போட்டுடும். அதுங்களா போகட்டும். பசிச்சா கொஞ்சம் பொறுத்துக்கங்க, இந்தக் காட்சி திரும்பக் கிடைக்குமா?"

பொறுத்துக்கொள்வதாம்! உள்ளே போன மருந்து பொறுக்குமா? முந்தின நாள் முழுக்க ஏறியதில் உடம்பிலிருந்த சர்க்கரையும் தீர்ந்திருந்தது. டிரைவர் பாறையில் உட்கார்ந்தார். சொல்லிவிடலாமா என்று யோசித்தார். மாப்பிள்ளை, ஊசி போட்டுட்டேன், எனக்கு இனிப்பு வேணும். இவ்வளவுதான். ஆனால் கேட்கப்போவது மாப்பிள்ளை மட்டுமா? டூட்டி போடுகிற அதிகாரியும் அல்லவா அங்கே குப்புறப் படுத்திருக்கிறார். சொன்ன கையோடு பேருந்து போச்சு. இப்போது போய்விடும், இதோ போய்விடும் என்று கரடியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரடிக்கு என்ன அவசரம்? மரத்தில் முதுகைத் தேய்த்தது. உட்கார்ந்தது. குட்டி பையை ஒரு தட்டுத் தட்டியது. பை ஆடியது.

நெற்றி வியர்த்தது. வெயில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டார், வெயிலே வராத இடத்தில் இருந்துகொண்டு. விரல் நடுங்கியது. குளிர் என்று நினைத்தார். உடம்பு சொல்லத்தான் செய்தது. கேட்கிற ஆளைத்தான் காணோம்.

"மாமா, ரொம்ப அமைதியா இருக்கீங்க?"

"உங்க வேலையப் பாருங்க!" என்று எரிந்து விழுந்தார். எதற்குக் கோபம் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அப்புறம் கோபமும் போய்விட்டது. எல்லாம் தெளிவாக இருந்தது. கீழே தெரிவது மருத்துவமனை ஸ்டாப். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மா பையனோடு வெகுநேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். நேரமாகிவிட்டதே, பாவம், வண்டியை எடுக்க வேண்டாமா என்று நினைத்தார்.

பிறகு நாக்கில் இனிப்பு.

யாரோ கன்னத்துக்குள் விரலை விட்டுச் சர்க்கரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "முழுங்குங்க மாமா. முழுங்குங்க. ஐயோ, முழுங்குங்களேன்!" டிரைவர் விழுங்கினார். மறுபடியும் வந்தது, மறுபடியும் விழுங்கினார். மெல்ல மெல்ல வானம் வானமாகவும், மாப்பிள்ளையின் முகம் மாப்பிள்ளையின் முகமாகவும் ஆனது. அந்த முகத்தில் ஈயாடவில்லை. முழங்கையில் ரத்தம்.

"மாமா, நான் யாரு?"

"என்ன கேள்வி இது? கரடி போயிடுச்சா?" எழுந்து உட்கார்ந்தார். "பாறையில உக்காந்தபடியே கண்ணசந்துட்டேன் போல."

மாப்பிள்ளை மேலே கையைக் காட்டினார். "மாமா, சுத்திப் பாருங்க. இது பாறை இல்ல."

டிரைவர் நிமிர்ந்தார். தலைக்கு மேலே கிளை. அவிழ்ந்த கயிறு. மரப்பட்டையில் புது நகக்கீறல்.

"எறங்கி வந்தீங்க. கூப்பிடக் கூப்பிடத் திரும்பல. 'ஏறும்மா, பையனைப் பிடிச்சுக்கோ'ன்னு சொல்லிக்கிட்டே கரடிகிட்டப் போனீங்க. நான் ஓடிவந்து உங்களக் கீழ தள்ளி மேல படுத்துக்கிட்டேன். அது பாய்ஞ்சு வந்துச்சு மாமா. அது மூச்சு என் கழுத்துல பட்டுச்சு. குட்டி எறங்கின பிறகுதான் திரும்பிப் போச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்க பாக்கெட்லேருந்து இது விழுந்து கெடந்ததப் பாத்துத்தான் புரிஞ்சது. உடனே பையை எறக்கிச் சர்க்கரைய எடுத்தேன்." கையைத் திறந்தார். ஊசி.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளை அந்த ஊசியை மாமனாரின் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். "நான் இதப் பாக்கல மாமா. மலையில பசி மயக்கம், அவ்வளவுதான். அவளுக்கும் தெரிய வேண்டாம், டிப்போவுக்கும் தெரிய வேண்டாம். இனிமே ஜாக்கிரதையா இருந்துக்கங்க."

நேற்று இதைச் சொல்லியிருந்தால் டிரைவர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்திருப்பார். இன்றைக்குக் கை நீளவில்லை.

"நான் எப்படி நடந்தேன்? தள்ளாடினேனா?"

"இல்ல மாமா."

"நெசமாச் சொல்லுங்க."

"தள்ளாடியிருந்தா முன்னாடியே பிடிச்சிருப்பேனே. நல்லா நிதானமா, டூட்டிக்குப் போற மாதிரி போனீங்க."

டிரைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகளின் கல்யாணத்தன்றுகூட அழாதவர். மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கிழமை எனக்கு எது போட்டிருக்கீங்க?"

"எப்பவும் போடறதுதான். காலையில ஸ்கூல் பிள்ளைங்க போற வண்டி."

"எடுத்துடுங்க. ஊசி போடுறார்னே எழுதுங்க, மயக்கம் கியக்கம்னு மழுப்ப வேண்டாம். மாமனாருக்குப் பயந்து பாக்காத மாதிரி இருக்கிறதெல்லாம் வீட்டோட வச்சிக்கங்க. சர்க்கரை எறங்கினா எனக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன், மாப்பிள்ளை. எனக்குத் தெரியவே இல்ல."

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினார்கள். அடிவாரத்தில் கார் பக்கம் வந்ததும் டிரைவர் சாவியை எடுத்து நீட்டினார். அவருடைய அந்தக் காரை இதுவரை வேறு யாரும் ஓட்டியதில்லை. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார்.

கியரை மாற்றும்போதெல்லாம் கார் கறகறவென்று அலறியது. டிரைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.